கெட்டிலில் போட்ட குழிகள்

பாலமுருகன் கடையில் மூன்று வருஷம் பட்டுச் சேலை மடித்தவள் நான். விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று விற்பார். விற்பதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, முந்தானைக்குப் பக்கத்தில் ஊசியால் இரண்டு இழையை நெருடிவிடச் சொல்வார். மனுஷன் கை பட்டால் எங்கேயாவது ஒரு கோணல் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. வாங்குகிறவர்களும் அந்தக் கோணலைத் தடவிப் பார்த்துப் பூரித்துப் போவார்கள். நான் வாயைத் திறந்ததில்லை. சம்பளம் கொடுத்தார், நெருடினேன்.

என் வீட்டுக்காரர் வீரபாகு வெள்ளி வேலை செய்கிறவர். ஆறு வருஷமாகச் சென்னையில் ஒரு பட்டறையில் மிஷினில் விளக்குகளுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மாதம் ஒரு ஞாயிறு ஆரணிக்கு வருவார். பாதி நாள் தூங்குவார், மீதி நாள் பை கட்டுவார். இதற்குப் பெயர் குடித்தனமா என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

அதனால்தான், பெங்களூரில் பாலமுருகனிடம் சேலை வாங்கும் ஓர் அம்மா கையால் செய்த வெள்ளி டீ செட் கேட்கிறார் என்று தெரிந்ததும், நானே கடையில் போய் நின்று அந்த வேலையை வாங்கி வந்தேன். பிடித்துவிட்டால் இன்னும் நாலு செட் சொல்வார்களாம். வீரபாகு இங்கேயே இருந்துவிடலாம். லீவு சொல்லிவிட்டு வந்தார்.

நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரை வெள்ளி, மீதி செம்பு. அதற்குக் குறைந்தால் அந்த அம்மா தொடமாட்டாராம். வட்டத் தகட்டை அடிப்பார், இறுகினதும் நெருப்பில் காய்ச்சி இளக்குவார், மறுபடி அடிப்பார். ஒட்டுப் போடாமல் தகடு மெல்ல மெல்லக் குழிந்து கெட்டிலாக எழுந்தது. பிறகு மூக்கை வைத்துப் பற்றவைத்தார். கை சுடாமலிருக்கப் பிடியின் இரண்டு முனையிலும் கருங்காலித் துண்டு வைத்தார். கடைசி ஐந்து நாள் முகத்தைக் கண்ணாடிபோல் மெருகிட்ட சுத்தியலால் தட்டித் தட்டி, முன்னால் அடித்த அடியெல்லாம் தெரியாமல் மறைத்தார். பத்தொன்பதாம் நாள் அதில் என் மூக்குத்தி தெரிந்தது. கூடவே என் இளிப்பும் தெரிந்தது.

பாலமுருகன் வந்து கெட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா ஆசாரி, மிஷின் பீஸ் மாதிரி கீதே. எங்கனா வாங்கினு வந்து வெச்சிட்டியா?"

"உள்ள பாருங்க சார். உடம்புல ஒட்டே இருக்காது."

"அந்தம்மா உள்ள தலைய வுட்டா பாக்கப் போறாங்க? தடவினா கைவேலைன்னு தெரியணும்பா. வெள்ளிக்கிழமை வரேன். இப்டியே இருந்தா வேணாம், பேஜார் பண்ணாத."

அவர் போன பிறகு வீரபாகு பரண்மேல் இருந்த பையை இறக்கித் தூசி தட்டினார்.

"எதுக்குங்க பை?" என்றேன்.

"திங்கக்கிழமை போறேன். தெரியாதவன்கிட்ட இன்னாத்த பேசறது?"

மறுநாள் காலை அவர் பஸ் ஸ்டாண்டுக்கு டிக்கெட் எடுக்கப் போனார். நான் கதவைச் சாத்தினேன். கெட்டிலுக்குள் பழைய துணியைத் திணித்து மடியில் வைத்துக்கொண்டேன். உருண்டை முகச் சுத்தியலை எடுத்தேன். முதல் அடிக்குக் கை வரவில்லை, அழுகைதான் வந்தது. அப்புறம் கையும் வந்துவிட்டது. பாலமுருகன் விரல் எங்கெங்கே போகும் என்று எனக்கா தெரியாது? அங்கங்கே தட்டினேன். நாற்பது குழி. கெட்டிலோடு செய்திருந்த பால் ஜக்கிலும் சர்க்கரைக் கிண்ணத்திலும் பத்துப் பத்து. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

வீரபாகு திரும்பி வந்து பார்த்தார். ஒவ்வொரு குழியாக விரலை வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "சோறு போடு" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. சோறு போட்டேன்.

வெள்ளிக்கிழமை பாலமுருகன் வந்து தடவினார். முகம் மலர்ந்துபோயிற்று.

"ஆங், இது கைவேலை! இத்த மொதல்லயே பண்ணியிருந்தா ஆவாதா?"

பெங்களூருக்கும் பிடித்துவிட்டது. இன்னும் நாலு செட், இதே மாதிரி, குழியோடு. திங்கட்கிழமை பஸ் அவர் இல்லாமலே போனது.

இப்போது மூன்றாவது செட் நடக்கிறது. குழி போட்டு முடிக்க அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றையும் பழையபடி கண்ணாடியாக்கித்தான் முடிக்கிறார். ஒரு நாள் முழுக்க ஜன்னலோரம் வைத்திருப்பார். மறுநாள் காலையில் உருண்டை முகச் சுத்தியலைக் கொண்டுவந்து என் அடுப்புப் பக்கத்தில் வைப்பார். சட்டையை மாட்டிக்கொண்டு சேத்துப்பட்டு ரோட்டுப் பக்கம் நடந்துவிடுவார்.

வீட்டில் அவர் இருக்க வேண்டும் என்றுதான் அந்தச் சுத்தியலை எடுத்தேன். நான் அதை எடுக்கும்போது அவர் வீட்டில் இருப்பதில்லை.