மிச்சம் பிடித்ததெல்லாம் வந்து சேர்ந்த வீடு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி தன் ஐந்தாவது மாடி ஆபீசைக் காலி செய்த வாரத்தில், அந்த மாடியின் லிஃப்ட், ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில், அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் கிருபாகரனின் வீட்டுச் சமையலறைக்கு வந்து சேர்ந்தது. அரிசி டிரம்முக்கும் ஃபிரிஜ்ஜுக்கும் நடுவில் பாந்தமாக நின்றது. டிங் என்றது, கதவைத் திறந்தது, உள்ளே யாருமில்லை, மூடிக்கொண்டது. ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த கிருபாகரனின் மனைவி ஜெயப்பிரியா, கடுகு தீயக் கூடாதே என்று அடுப்பைக் குறைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். அந்த வாரம் சின்ன வெங்காயம் விலை ஏறியிருந்தது. பருத்திப்பட்டில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

கம்பெனிக்கு வேலை, அமெரிக்காவில் பல் பிடுங்குகிறவர்களுக்கு இங்கிருந்து பில் போட்டுக் கொடுப்பது. கொரோனா காலத்தில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிய முதலாளி ராஜசேகரன், கொரோனா போன பிறகும் யாரையும் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிடாததில் என்னென்ன லாபம் என்று அவருக்கு அதற்குள் புரிந்துவிட்டது. திங்கட்கிழமைதோறும் எல்லோரையும் கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாக உட்கார வைத்து, நெய் மணக்கும் குரலில் அந்த லாபங்களைச் சொல்வார். வாடகை மிச்சம். கரண்ட் மிச்சம். ராஞ்சியிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் ஆள் எடுக்கலாம், உட்கார ஒரு ஸ்டூல்கூடப் போட வேண்டாம். காய்ச்சல் என்று லீவு போடுகிற வழக்கமே ஒழிந்தது, படுத்த இடத்திலேயே வேலை பார்க்கிறார்கள். அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் மிச்சம் என்று ஒருவர் வாயால் சொன்னது காற்றில் நிற்காது, எங்கேயாவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். அவர் மிச்சம் என்று சொன்னதெல்லாம் சாயங்காலத்துக்குள் கிருபாகரன் வீட்டுக்கு வந்துவிடும்.

கம்பெனியில் முந்நூறு பேர் இருக்க, அவன் வீட்டுக்கு மட்டும் ஏன் என்றால், அதற்குப் பால் காய்ச்சிய கதையைச் சொல்ல வேண்டும். கோவில்பட்டியிலிருந்து வந்து பத்து வருஷம் வாடகை வீடுகளில் குப்பை கொட்டிய பிறகு, பாங்கில் கடன் வாங்கி அந்த மூன்றாவது மாடி ஃபிளாட்டை வாங்கினார்கள். புதுமனை புக ஜோசியர் குறித்துக் கொடுத்த நல்ல நேரம் ஒரு திங்கட்கிழமை காலையில் விழுந்தது. கிருபாகரன் அரைநாள் லீவு கேட்டான். அதான் வீட்டிலேயே இருக்கிறீர்களே, எதற்கு லீவு என்றார் ராஜசேகரன். அதனால் லேப்டாப்பை அடுப்புக்கு நேர் கிழக்கே சமையல் மேடையில் வைத்துக்கொண்டு பால் காய்ச்சினார்கள். பால் கிழக்கே பொங்கி வழிந்தால் விசேஷம். நன்றாகவே பொங்கி, நேராகக் கிழக்கே போய், கம்பெனி லேப்டாப்பின் காலை நனைத்தது. பால் பொங்கியது என்று வீட்டுக்காரர்கள் வாய் திறப்பதற்குள், பெட்டிக்குள்ளிருந்து ராஜசேகரன், "பால் பொங்கிடுச்சா? ரொம்ப சந்தோஷம்" என்றார். வீடு தன் காதில் விழுந்த முதல் குரலையே எஜமான் குரல் என்று எடுத்துக்கொண்டது. வீட்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அது புது வீடு, அதற்கு என்ன தெரியும்?

லிஃப்டுக்கு அடுத்து, ஏசி மிச்சம் என்று அவர் சொன்ன அன்று கூரையில் சதுர சதுரமாக ஓட்டைகள் விழுந்து குளிர் இறங்கியது. ரசம் உறைந்தது. அதைக் கத்தியால் வெட்டித் தட்டில் வைத்துச் சாப்பிட்டார்கள். மீட்டிங் ஹால் மிச்சம் என்ற அன்று, படுக்கையறையில் கட்டில் இருந்த இடத்தில் நீள மேசையும் அதைச் சுற்றிச் சுழல் நாற்காலிகளும் இருந்தன. கட்டில் எங்கே போனது என்று தெரியவில்லை. அதோடு பூஜை அலமாரி போனது, ஊறுகாய் ஜாடி போனது, மகள் ரோஷினியின் உயரத்தைப் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் பென்சிலால் குறித்து வைத்திருந்த சுவர்த்துண்டு போனது. ஸ்டாஃப் வேன் மிச்சம் என்றதும் வேன் வந்து பால்கனியில் நின்றது. முன்சக்கரம் இரண்டும் வெளியே அந்தரத்தில் தொங்கின. கீழே மாட்டுக்கொட்டகை வைத்திருந்த கன்னியம்மாள், அந்த ஃபிளாட் நிற்கும் மண்ணில் ஒரு காலத்தில் நெல் போட்ட குடும்பத்துக்காரி, இடுப்பில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"ஏம்மா கோவில்பட்டி, மேல தொங்கிகினு கீதே அந்த வண்டி, அது எம் மாட்டு மேல வுழுந்தா எவன் பதில் சொல்றது?"

"கம்பெனி வண்டிக்கா. நாங்க என்ன பண்றது?"

"கம்பெனிது இன்னாத்துக்கு உன் ஊட்ல கீது?"

"எங்க வீட்டுலதான் இருக்கு எல்லாம்."

"நல்லா குட்த்தனம் பண்றீங்கோ" என்று சொல்லிவிட்டு மாட்டை இரண்டடி தள்ளிக் கட்டினாள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய உபத்திரவம், ராஜசேகரன் பிரயாண நேரத்தைக் கண்டுபிடித்ததுதான். முன்பெல்லாம் ஆவடியிலிருந்து அம்பத்தூர் வந்து போக ஆளுக்குத் தினம் இரண்டு மணி நேரம் ரோட்டில் வீணானது, இப்போது அந்த நேரத்தையும் கம்பெனிக்கே தருகிறார்கள் என்று சொல்லிக் கைதட்டினார். ரோட்டின் அந்த நேரம் அன்றைக்கே வந்து, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் படுத்துக்கொண்டது. எட்டு எடுத்து வைத்தால் போகிற இடத்துக்கு ஒரு மணி நேரமாயிற்று. புழுதி, டீசல் புகை, கண்ணுக்குத் தெரியாத லாரிகளின் ஹாரன், நடுவே ஒரு சிக்னல். காலையில் காபி போடப் புறப்படும்போது ஜெயப்பிரியா முகத்துக்குத் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு போவாள். காபியோடு திரும்பும்போது அது ஆறியிருக்கும். கிருபாகரன் அதை ஒரு வார்த்தை பேசாமல் குடிப்பான். பேச முடியாது, காதில் மாட்டிய ஹெட்போனில் அமெரிக்கப் பல் ஆஸ்பத்திரி இருந்தது.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். சொந்த வீடு என்றால் ஒன்று இரண்டு குறை இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு திங்கட்கிழமை, செக்யூரிட்டியும் மிச்சம் என்று ராஜசேகரன் சொல்லித் தொலைத்தார். சாயங்காலம் வாசலில் தேக்குக் கதவு இல்லை. கண்ணாடிக் கதவு இருந்தது, பக்கத்தில் கார்டு காட்டுகிற கறுப்புப் பெட்டி இருந்தது. கிருபாகரனின் கார்டுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. ஜெயப்பிரியாவுக்கு என்று அவள் பெயரும் போட்டோவும் போட்ட ஒரு கார்டு கைப்பிடியில் தொங்கியது, கீழே ஹவுஸ்கீப்பிங் என்று அச்சடித்திருந்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் ரோஷினிக்கு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடப் பையோடு வந்து நின்ற பிள்ளையைப் பார்த்துப் பெட்டி சிவப்பாக விழித்தது. தாய் தன் கார்டைக் காட்டிக் கையைப் பிடித்து இழுத்தால் தாய் மட்டும் உள்ளே வந்தாள், பிள்ளை கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றது. கிருபாகரன் வேலையை முடித்து லேப்டாப்பை மூடினால்தான் கதவு பிள்ளையை உள்ளே விட்டது. லேப்டாப்பை மூடும் நேரமோ, ரோட்டிலிருந்து மிச்சமான நேரமும் சேர்ந்து, நாளுக்கு நாள் தள்ளிப் போயிற்று.

ரோஷினி படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். படிக்கட்டில் தோசை சாப்பிட்டாள், கன்னியம்மாள் வீட்டில் தூங்கினாள். ஒரு நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று, "அம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். கண்ணாடி சத்தத்தை விடவில்லை. வாயசைவைப் பார்த்தே ஜெயப்பிரியாவுக்குப் புரிந்தது.

"நீங்க லீவு கேளுங்க" என்றாள் கணவனிடம். "ஒரே நாள். அந்த லேப்டாப் மூடி இருக்கிறப்போ மறுபடி பால் காய்ச்சுவோம். நம்ம வாயால சொல்லுவோம். வீடு கேக்கும்."

கேட்டான். ராஜசேகரன் கோபப்படவே இல்லை, அவர் சிரித்தால்தான் பயம். "கிருபா, வீட்லதானப்பா இருக்கே. லீவு எடுத்து எங்கே போவே?" என்றார். வேலையை விட்டால் தவணை நிற்கும், தவணை நின்றால் வீடு பாங்குக்கு. வேலையை விடாவிட்டால் வீடு கம்பெனிக்கு. நீள மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கிருபாகரன், ஒரு நாற்காலியைப் பிடித்துச் சும்மா சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அழுதது திரையில் தெரியவில்லை, கேமரா மேல்நெற்றியைத்தான் பார்த்தது. லேப்டாப்பை மூடிய பிறகு பால் வைத்துப் பார்த்தார்கள். கைபேசியில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது, எந்நேரமும் கூப்பிட்டால் கிடைக்க வேண்டும் என்று சட்டம். பால் வெகுநேரம் தீயில் இருந்தும் ஒரு குமிழ் விடவில்லை.

மறுநாள் கீழே போனவளிடம் கன்னியம்மாள், பிள்ளைக்குச் சடை போட்டுவிட்டுக்கொண்டே, "இந்தாம்மா, அந்த லிஃப்ட் எங்க போவுது?" என்றாள்.

"தெரியலக்கா. நான் ஏறுனதில்ல."

"இத்தினி நாளா அடுப்பாண்ட நிக்குது, எங்க போறேன்னு ஒரு வார்த்த கேக்கலயா?"

ஜெயப்பிரியா அவளிடமே ஒரு சொம்பு பால் வாங்கிக்கொண்டு மேலே ஏறினாள். சின்ன கேஸ் அடுப்பையும் பித்தளைப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போனாள். உள்ளே ஒரே ஒரு பொத்தான், ஐந்து என்று போட்டிருந்தது. அழுத்தினாள். கதவு திறந்தபோது அம்பத்தூர் எஸ்டேட்டின் ஃபாக்டரிச் சங்கு ஊதியது. எதிரே வெறும் மாடி, நெடுக ஜன்னல், வெயில். தூண்கள்கூடப் போய்விட்டிருந்தன, கூரை பழக்கத்தில் நின்றது. மாடியின் ஒரு மூலையில் அவள் கட்டில் கிடந்தது. பூஜை அலமாரியில் விளக்கு அப்படியே இருந்தது. ஊறுகாய் ஜாடி இருந்தது. பென்சில் கோடுகளோடு அந்தச் சுவர்த்துண்டு யாரும் தாங்காமல் தனியே நின்றது. ஓரமாகத் தேக்குக் கதவு, அவள் தடவிய மஞ்சள் அழியாமல், சாத்தியிருந்தது. தன் வீட்டு வாசனை அடித்தது. வீட்டில் எந்த இடத்தை எடுத்துக்கொண்டதோ, அங்கே இருந்ததை அந்த ஆபீஸ் இங்கே கொண்டு வந்து வைத்திருந்தது. அந்த மட்டில் அது நாணயமான ஆபீஸ்தான்.

அடுப்பை வைத்தாள். பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. "பால் பொங்கிடுச்சு" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர் லேத் பட்டறையில் மெஷின்கள் நின்றதாகச் சொல்வார்கள். பிறகு குழம்பு வைத்தாள். குழம்பு கொதிக்கும்போது கட்டடத்துக்காரர் எத்திராஜ், வாடகைக்குக் கேட்ட யாரோ ஒருவருக்கு மாடியைக் காட்ட, ஐந்து மாடியும் படியேறி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"இன்னாம்மா இது? ஆபீசுக்கு வுட்ட எடத்துல கொயம்பு கொதிக்குது?"

"எங்க வீட்டுல ஆபீஸ் இருக்குய்யா. அதான் வீடு இங்க வந்திருச்சு."

எத்திராஜ் தேக்குக் கதவைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். "லிஃப்ட கூட கயட்டிகினு பூட்டானுங்கன்னு பாத்தா…" என்று இழுத்தார். அப்புறம் தரையில் வழிந்திருந்த பாலைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "பால் காச்சிட்டியா?"

"காச்சிட்டேன்."

"எந்தாண்ட பொங்குச்சு?"

"கிழக்க."

"கெயக்காலயே பொங்கிடுச்சா." கூட வந்தவரிடம் திரும்பினார். "சார், நீங்க வேற எடம் பாருங்க. பால் பொங்குன ஊட்ல ஆள கெளப்புனா எங்க கொலத்துக்கு ஆவாது." அவளிடம், "கொயம்பு இன்னா கொயம்பு?" என்றார்.

"கத்திரிக்கா."

"வாடகய அப்பாலிக்கா பேசிக்கலாம். ஒரு கரண்டி ஊத்து."

அன்று சாயங்காலம் கன்னியம்மாள் ரோஷினியை ரயிலில் கூட்டிக்கொண்டு வந்து விட்டாள். தேக்குக் கதவு பிள்ளையிடம் ஒன்றும் கேட்கவில்லை. ரோஷினி நேரே சுவர்த்துண்டில் முதுகை ஒட்டி நின்றாள். கடைசிக் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் வளர்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. எத்திராஜ் வாடகை பேசினார், சொன்ன நாளில் வாங்கியும் கொள்கிறார். ஆக, கம்பெனி கொடுக்காமல் மிச்சம் பிடித்த அதே மாடியின் வாடகையை இப்போது கிருபாகரன் கொடுக்கிறான், பருத்திப்பட்டு வீட்டின் தவணையையும் அவனே கட்டுகிறான். ராஜசேகரன் திங்கட்கிழமை மீட்டிங்கில் அவனை உதாரணம் காட்டுகிறார். வேன் இன்னும் பால்கனியில் தொங்குகிறது. அதன் நிழலில் மாடு நன்றாகக் கறக்கிறது என்று கன்னியம்மாள் இடம் மாற்ற விடவில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பா எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டதற்கு ரோஷினி வீட்டில் என்றாள், நீ எங்கே குடியிருக்கிறாய் என்றதற்கு ஆபீசில் என்றாள். டீச்சர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த பிள்ளையைக் கேட்டாள்.

வேலை முடிந்து பச்சைப் புள்ளி அணைகிற நாட்களில் கிருபாகரன் பருத்திப்பட்டிலிருந்து லிஃப்டில் வீட்டுக்கு வருவான். அப்படிப்பட்ட நாட்கள் வரவரக் குறைந்தன. வராத நாட்களிலும் லிஃப்ட் வரும். டிங் என்று கதவைத் திறந்து, வெறுமையாகக் கொஞ்ச நேரம் காத்திருக்கும். ரோஷினி சோற்றுக் கேரியரை அதன் தரையில் வைத்து, குழம்பு கொட்டாமல் மூடியை ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "சூடா இருக்கு, உடனே சாப்பிடச் சொல்லு" என்று லிஃப்டிடம் சொல்லுவாள். லிஃப்ட் கதவை மூடிக்கொண்டு போகும்.