மூன்று வாரக் கோச்சிங்

பரீட்சை என்று ஒன்று வந்துவிட்டால் பத்மஜாவின் குடும்பத்தில் யாருக்கும் பயம் வராது. பழைய கேள்வித்தாள் எங்கே கிடைக்கும் என்ற யோசனைதான் வரும். அவள் அப்பா ரயில்வேயில் சேர்ந்தது அப்படித்தான், அவள் பாங்கில் சேர்ந்ததும் அப்படித்தான். பம்பாய் மாட்டுங்காவில் பாதிப் பேர் ஆபீசர் ஆன கதையே அதுதானே! ஆகவே, ஆட்டிசம் உள்ள நான்கரை வயது மகன் நகுலுக்கு அறிவுத்திறன் சோதனை என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும், அவள் நெருளில் இருக்கும் சிநேகிதி ரஞ்சனாவுக்குப் போன் போட்டாள். ரஞ்சனாவின் பிள்ளை போன வருஷம் அதே சோதனைக்குப் போனவன். அப்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஞ்சனாவுக்கு எல்லாப் படமும் வரிசையாக ஞாபகம் இருந்தது.

மூன்று பள்ளிகள் கைவிரித்த பிறகு, செம்பூரில் ஒரே ஒரு ஸ்பெஷல் பள்ளிதான் நகுலைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. ஜூனுக்குள் ரிப்போர்ட் வேண்டும். மார்க் ஓர் அளவுக்குக் கீழே போனால் சீட் இல்லை. மார்க் என்ற சொல் காதில் விழுந்ததுமே பத்மஜாவுக்கு வழி தெரிந்துவிட்டது. இதில் தப்பு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, பாவம்.

மூன்று வாரம் லீவு போட்டாள். ரஞ்சனா சொன்ன வரிசையில் படங்களை வெட்டி ஒட்டினாள். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு. நகுல் காதைப் பொத்திக்கொண்டு கத்தினாலும் விடாமல் இழுத்து உட்கார வைத்தாள்.

"போறும்டி, கொழந்தை மூஞ்சியே சரியில்லை," என்றான் கணவன் சங்கரன்.

"சும்மா இருங்கோ. சீட் போச்சுன்னா நீங்களா ஆத்துல வெச்சுண்டு பாத்துப்பேள்?"

அவன் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

தமிழில் சோதனை நடத்தும் உளவியல் நிபுணர் பிரேமலதாவைத் தேடிப் பிடிக்கவே இரண்டு மாதம் ஆகியிருந்தது. சோதனை அன்று அவர் புத்தகத்தைத் திறந்து முதல் படத்தைக் காட்டி, "இது என்ன கண்ணா?" என்று கேட்டார். நகுல் தானாகப் பேசுவது அபூர்வம். கேட்டதைத் திருப்பிச் சொல்வதில் மட்டும் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. புத்தகத்தைப் பார்க்காமலே, சுவரைப் பார்த்து ஆரம்பித்தான்.

"குடை. பூட்டு. சீப்பு. ஏணி. படகு."

பத்மஜாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பிரேமலதா அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டிச் சரிபார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டார்.

"யாருங்க சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்... ஆத்துல கொஞ்சம் ப்ராக்டிஸ்..."

"யாரும் சொல்லிக் குடுக்காம அவனுக்கு என்ன தெரியும்னு பாக்கறதுக்குத்தாங்க இது. இப்ப நான் எந்த நம்பர் போட்டாலும் பொய். இனிமே ஒரு வருஷம் கழிச்சுத்தான் வைக்க முடியும்."

"வேற டெஸ்ட் ஏதாவது?"

"தமிழ்ல என்கிட்ட இது ஒண்ணுதாங்க இருக்கு."

பத்மஜாவின் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல், பிரேமலதா ஒரு படிவத்தை எடுத்தார். "நீங்க சொல்றதை வெச்சு ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் தர்றேன். ஏத்துக்குவாங்கன்னு சொல்ல முடியாது." தானாகச் சாப்பிடுவானா, தூங்குவானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"அம்மாவைத் தேடி அவனா வருவானா?"

தினமும் அவள் பாங்கிலிருந்து வந்ததும், ஓடி வந்து அவள் வயிற்றில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். அது ஒன்றுக்காகத்தான் அவள் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்தாள். இந்த மூன்று வாரமாக அவள் காலடிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான்.

"முன்னாடி வருவான்," என்றாள்.

"இப்ப எப்படின்னுதாங்க எழுதணும்."

பத்மஜா பிள்ளையைப் பார்த்தாள். அவன் அவளுக்கு எட்டாத தூரத்தில், கதவோரமாக நின்றிருந்தான்.

"வரமாட்டான்," என்றாள். "எழுதிக்கோங்கோ."