பதினொன்றா, ஒன்றரையா

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கேம்பிங் டிரெய்லருக்கு நான் வைத்த பெயர் டப்பா. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். மூன்றாவது ஆள் தும்மக்கூட இடம் கிடையாது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஏரிக்கரை, மலையடிவாரம் என்று சுற்றலாம் என்பது என் கணவரின் திட்டம். அங்கெல்லாம் கரண்ட் ஏது? டப்பாவின் வளைந்த கூரைக்குத் தோதாக, வளைகிற சோலார் பேனல் இரண்டு வாங்கி வந்தார். அட்டை மாதிரி மெல்லிசு. கூரையைத் துடைத்து, பசை தடவி, காற்றுக் குமிழ் நிற்காமல் ஆளுக்கொரு பக்கம் அழுத்தி ஒட்டினோம். அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமையிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

அந்த வாரம் நான் லீவில் இருந்தேன். நானாக எடுத்த லீவு இல்லை. ரத்தப் பரிசோதனை லேபில் இருபத்தாறு வருஷமாக எண்களைப் பார்த்து எழுதுவதுதான் என் வேலை. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சாம்பிளில் சர்க்கரை முந்நூற்றுப் பத்து என்று பார்த்தேன், எழுதினேன், வார்டுக்குப் போன் செய்தேன். அன்று மெஷினில் பேப்பர் ரோல் தீர்ந்துபோயிருந்தது. திரையில் வந்த எண்ணுக்கு நான் ஒருத்திதான் சாட்சி. வார்டில் சந்தேகப்பட்டதால் இன்னொருவர் அதே சாம்பிளைத் திரும்ப ஓட்டினார். நூற்றுப் பத்து. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் ஆகிவிட்டது. லேப் டாக்டர் குரலை இறக்கி, "ஒரு வாரம் ரெஸ்ட் எடுங்கம்மா. மேல தொடரப் போறீங்களா இல்லையான்னு திங்கட்கிழமை வந்து சொல்லுங்க" என்றார். அந்தக் கனிவைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

என் கணவருக்கு அவரையும் மிஞ்சிய கனிவு. விருப்ப ஓய்வுக் கடிதத்தைத் தானே முத்து முத்தாக எழுதி, நான் கையெழுத்துப் போட மட்டும் இடம் விட்டு, சாப்பாட்டு மேசை டிராயரில் வைத்திருந்தார். "உன்னை யாரும் கட்டாயப்படுத்தல. ரெண்டு பேரும் சேர்ந்து ஊர் சுத்தலாமேன்னு பார்த்தேன்" என்றார். நான் கையெழுத்தும் போடவில்லை, கிழித்தும் போடவில்லை. அந்த முந்நூற்றுப் பத்தை நான் உண்மையிலேயே பார்த்தேனா என்று எனக்கே தெரியாமல் இருந்ததுதான் காரணம்.

எங்கள் வீட்டில் எந்த வேலையானாலும் அவர் மேலே, நான் உள்ளே. கல்யாணமான புதிதில் டிவி ஆன்டெனாவைத் திருப்பிய நாளிலிருந்து இந்த ஏற்பாடுதான். மாடியிலிருந்து அவர் "தெரியுதா?" என்பார். கீழேயிருந்து நான் "தெரியுது... போச்சு... ஆங், அப்படியே நில்லுங்க" என்பேன். அவர் கம்பியைப் பிடித்திருக்கும்வரை படம் பளிச்சென்று இருக்கும், கையை எடுத்தால் புள்ளி புள்ளியாகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் முழுப் படமும் பார்த்து முடிக்கும்வரை அவர் கம்பியும் கையுமாக நின்றார். அப்படிப்பட்ட மனிதர்தான்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அதே ஏற்பாடு. டப்பாவுக்குள் அலமாரிக் கதவைத் திறந்தால் உள்ளங்கையளவு மீட்டர். பேனலிலிருந்து பாட்டரிக்கு எத்தனை ஆம்ப்ஸ் கரண்ட் போகிறது என்று காட்டும். நல்ல வெயிலில் பத்துக்கு மேல் வர வேண்டும். அவர் ஓலைத்தொப்பி போட்டுக்கொண்டு ஏணியில் ஏறி, இடுப்புக்கு மேல் உடம்பு கூரைக்கு மேலே தெரிய நின்று, வயர் முனைகளை அழுத்திப் பார்த்தார்.

"எவ்வளவு காட்டுது?"

"ஒன்னு புள்ளி நாலு."

"நல்லா பாரு."

"நல்லாத்தான் பார்க்கறேன். ஒன்னு புள்ளி நாலு."

அவர் இறங்கி, தொப்பியைக் கழற்றி ஏணியில் மாட்டிவிட்டு உள்ளே வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். மீட்டர் பதினொன்று புள்ளி நாலு காட்டியது.

"முன்னாடி இருக்கற ஒன்னை விட்டுட்டே" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

திரும்ப ஏறினார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்று புள்ளி ஆறு. சத்தம் போட்டுச் சொன்னேன். வயர் எங்கேயோ லூஸ் என்று இறங்கி வந்தார். பத்து புள்ளி ஒன்பது. மத்தியானம் இதே கதை. வியாழக்கிழமை காலையும் இதே கதை. நான் பார்த்தால் பிச்சை போடுகிறது, அவர் வந்தால் அள்ளிக் கொடுக்கிறது. ஒரு மீட்டருக்கு ஆள் பார்த்துப் பேசத் தெரியுமா? தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலம் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார். அவன் பிளக்கைப் பிடுங்கி மாட்டி, கருவியை வைத்து எல்லா வயரையும் பார்த்து, கடைசியில் என் கணவரோடு மீட்டர் முன்னால் உட்கார்ந்தான். சாய்ந்த வெயிலிலும் நாலரை ஆம்ப்ஸ் வந்தது. "எல்லாம் கரெக்டா இருக்கு சார்" என்றவன், நான் காப்பி எடுத்து வரப் போய்விட்டேன் என்று நினைத்து மெதுவாகக் கேட்டான். "அக்காவுக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணீங்களா?"

என் கணவர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுக்கு அவரை நான் மன்னிக்க ஒரு மாதம் ஆனது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை அளந்தாலும் நேரம், அளவு, யார் பார்த்தது என்று மூன்று கட்டம் போட்டு எழுதிவிடுவேன். வெள்ளிக்கிழமை அந்த நோட்டை விரித்து வைத்துப் பார்த்தேன். நான் தனியாகப் பார்த்த ஒன்பது தடவையும் இரண்டுக்குக் கீழே. அவரும் கூட இருந்து பார்த்த ஒன்பது தடவையும் ஒழுங்கான எண். லேபில் ஒரு பெண் இப்படி ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டியிருந்தால், கோளாறு மெஷினில் இல்லை, உன்னிடம்தான் என்று நானே அவளிடம் சொல்லியிருப்பேன். கண்ணா, மூளையா என்பதுதான் பாக்கி. பயமாக இருந்தது. டிராயரைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். பேனாவையும் எடுத்தேன். மூடியைக் கழற்றி, மூடி, கழற்றி, மூடி, இரண்டையும் உள்ளே வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை, காரில் டப்பாவை மாட்டுகிற கொக்கியைச் சரிசெய்ய அவர் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனார். பத்து மணி. தொப்பி ஏணியிலேயே தொங்கியது. எனக்கு டப்பாவுக்குள் போகவே பிடிக்கவில்லை. ஆனாலும் இருபத்தாறு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? போய் அலமாரிக் கதவைத் திறந்தேன்.

பதினொன்று புள்ளி ஒன்று.

கண்ணை மூடித் திறந்தேன். பதினொன்று புள்ளி ஒன்று. வெளியே போய்விட்டுத் திரும்ப வந்தேன். பதினொன்று புள்ளி இரண்டு. என் பக்கத்தில் யாருமே இல்லை. இப்போதுதான் நிஜமாகவே ஒன்றும் புரியவில்லை. நான் தனியாகப் பார்த்தால் தப்பு என்று நோட்டு சொல்கிறதே, தனியாகத்தானே பார்க்கிறேன்?

படிக்கட்டில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். நேரம், அளவு, யார் பார்த்தது. பார்க்காத ஆள் எங்கே இருந்தார் என்று ஒரு கட்டம் இல்லை. நான் தனியாகப் பார்த்தபோதெல்லாம் அவர் எங்கே? மேலே. அவர் மேலே, நான் உள்ளே. ஆன்டெனாக் கம்பி ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு அவர் கை எடுத்ததும் படம் போனது. இன்றைக்கு அவர் போனால் கரண்ட் வருகிறதா?

துடைப்பக்கட்டையை ஏணியில் கட்டினேன். கொடியில் காய்ந்த அவருடைய கட்டம் போட்ட சட்டையை ஹேங்கரோடு அதில் மாட்டினேன், உச்சியில் தொப்பியைக் கவிழ்த்தேன். ஏணி எப்போதும் வெயில் வரும் பக்கம்தான் இருக்கும். எதிர்ப்பக்கம் நின்றால் கண் கூசுகிறது என்று அவர் சூரியனுக்கு முதுகு காட்டியே நிற்பார். சட்டையின் நிழல் இரண்டு பேனலையும் குறுக்கே வெட்டிக்கொண்டு விழுந்தது. தொப்பிக்குத் தனியாக ஒரு வட்டம்.

உள்ளே ஓடினேன். ஒன்று புள்ளி நாலு.

சிரித்தேனா அழுதேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு ஓரத்தில் நிழல் விழுந்தாலே மொத்தக் கரண்டும் விழுந்துவிடும் என்று பேனல் வந்த பெட்டியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்தப் பெட்டியை மடித்து ஏணி ஆடாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்திருந்தோம். இப்போதுதான் குனிந்து படித்தேன்.

காரை நிறுத்திவிட்டு இறங்கிய அவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு அது ஏணியில?"

"நீங்கதான்" என்றேன். "உள்ள போய் மீட்டரைப் பாருங்க. நான் இங்கேயே நிக்கறேன்."

போனார். "ஒன்னு புள்ளி நாலு" என்று குரல் வந்தது. நான் தொப்பியையும் சட்டையையும் எடுத்தேன். "பதினொன்னு" என்றார். திரும்ப மாட்டினேன்.

வெளியே வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. "நான் இறங்கி வந்து வந்து பார்த்தேனே" என்றார். "ஒவ்வொரு தடவையும் உன்னைத்தானே தப்புன்னேன்."

"ஆமா. ஒன்பது தடவை. எழுதி வெச்சிருக்கேன்."

"அப்ப லேப்ல நடந்தது?"

"தெரியாது. நான் தப்பாவும் பார்த்திருக்கலாம். ஆனா ரெண்டு தடவைக்கும் நடுவுல என்ன மாறுச்சுன்னு யாரும் கேக்கல. நானும் கேக்கல. திங்கட்கிழமை போய்க் கேக்கணும்."

அவர் உள்ளே போனார். டிராயர் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் கடிதம் நாலாக மடித்திருந்தது. கொடுப்பார் என்று நினைத்தேன். குனிந்து ஏணிக் காலுக்கு அடியிலிருந்த பெட்டியை உருவிவிட்டு, அந்த இடத்தில் அதைச் சொருகினார். பத்தாது என்று பெட்டியையும் சேர்த்து வைத்தார்.

"வேணாம், இந்தப் பக்கம் வெக்கக் கூடாது" என்று பிறகு அவருக்கே உறைத்தது. எல்லாவற்றையும் பெயர்த்து ஏணியை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைத்தார். கடிதத்தை மறுபடி அடியில் கொடுத்தார். ஏறி நின்றார். வெயில் நேராக முகத்தில் அடித்தது. கண் இரண்டையும் இடுக்கிக்கொண்டு, தண்ணீர் வழிய, பழைய இடத்தில் வயரை அழுத்தினார்.

நான் உள்ளே போய் மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

"எவ்வளவு?"

"பதினொன்னு புள்ளி மூணு."

இறங்கி வருவார் என்று வழக்கம்போல் நகர்ந்து இடம் விட்டேன். ஏணி அசையும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். அவர் வரவில்லை.

"சரி, எழுதிக்கோ" என்றார் மேலேயிருந்து.