கலியாணக் காட் என்று நினைத்த வீடு

கனடாவின் வோபர்ன் பகுதியில் அந்தத் தெருவின் ஒவ்வொரு கதவையும் தட்டிக்கொண்டு வந்த சாம்பவி, ஒரு வீட்டை மட்டும் பார்க்காததுபோலத் தாண்டி நடந்தாள்.

"ஏன் இதை விட்டிட்டுப் போறீங்கள்?" என்றாள் கூட வந்த மெலனி. இங்கேயே பிறந்தவள், கல்லூரி மாணவி. நகரசபைத் தேர்தலுக்கு வாக்குக் கேட்பதில் சாம்பவிக்குச் சோடி.

"அது நான் இருக்கிற வீடு. கீழை, பேஸ்மென்ற்றிலை."

"So? மேலை இருக்கிற ஆக்களுக்கு வோட் இல்லையா?"

வோட் இருந்தது. அதுதான் சாம்பவிக்குப் பயம். பள்ளிக்கூடங்களில் காலைச் சாப்பாடு நிற்காமல் இருக்க வீட்டு வரியைக் கொஞ்சம் கூட்டவேண்டும் என்பது அவர்களுடைய வேட்பாளரின் பேச்சு. வீட்டுக்காரரிடமே போய் வரியைக் கூட்டச் சொல்லிக் கேட்டால், அவர் கோபத்தில் வீட்டை விடச் சொன்னால், அவளும் அக்கா நிரோஷினியும் அக்காவின் மகளும் எங்கே போவது? ஆனால் அந்தச் சாப்பாட்டை நம்பித்தான் அக்கா விடியப்புறமே ஒஃபிஸ் கூட்டித் துடைக்கப் போகிறாள். சாம்பவிக்கும் விடிய ஷிஃப்ற். பிள்ளை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போய் அங்கேதான் வாயில் எதையாவது வைக்கும்.

மெலனி அதற்குள் மணியை அடித்துவிட்டாள்.

கதவைத் திறந்த வீட்டுக்காரரின் மனைவி ரதி அன்ரியின் கண், சாம்பவியின் பட்டுச் சுடிதாரில் விழுந்து, தேர்தல் நோட்டீஸ் வைத்த மஞ்சள் உறைகளில் போய் நின்றது.

"இஞ்சாருங்கோ! கலியாணக் காட் கொண்டு வந்திருக்கினம். சேட்டைப் போட்டுக்கொண்டு வாங்கோ!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "வா பிள்ளை, உள்ளுக்கை வா. ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! மாப்பிள்ளை எவடம்?"

"அன்ரி, உது வந்து..."

"வெக்கப்படாதை. இரு, தேத்தண்ணி போடுறன்."

வாய் திறக்க இடமில்லை. வேட்டியும் அயன் பண்ணிய சேட்டுமாக விநாயகமூர்த்தி அங்கிள் வந்து உட்கார்ந்தார். தேநீரும் பயற்றம் பணியாரமும் வந்தன. கலியாண அழைப்பை வாங்கும் முறைப்படி இருவரும் எழுந்து நின்று, இரண்டு கையாலும் உறையை வாங்கினார்கள். அங்கிள் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"இதென்ன, எலெக்சனோ?"

ரதி அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அங்கிள் சிரிக்கவில்லை.

"வீட்டு வரி ரக்ஸைக் கூட்டச் சொல்லி என்னட்டையே கேக்கிறியோ? ரக்ஸ் கூடினால் கீழை வாடகையும் கூடும். தெரியுமே?"

"தெரியும் அங்கிள்."

"உனக்கு வோட் இருக்கோ?"

"இல்லை. சிற்றிசன் இன்னும் கிடைக்கேல்லை. அதுதான் உங்களிட்டைக் கேக்க வந்தனான்." நிறுத்தாமல் தொடர்ந்தாள். "அக்கான்ரை பிள்ளை பள்ளிக்கூடத்திலைதான் விடியச் சாப்பிடுறது. வாடகை கூடினால் நான் இன்னொரு ஷிஃப்ற் செய்வன். சாப்பாடு நிண்டால், அந்த நேரத்திலை எங்கடை வீட்டிலை ஒருத்தரும் இல்லை அங்கிள்."

அங்கிள் தேநீரைக் குடித்தார்.

"பாப்பம்."

சாம்பவியின் முகம் வாடியது. எங்கள் ஆட்கள் வாசலில் 'இல்லை' சொல்லமாட்டார்கள். 'பாப்பம்' என்பார்கள். அன்று அந்தத் தெரு முழுக்க அவள் கேட்டது அதைத்தான்.

"என்ன பாப்பம்?" என்றார் ரதி அன்ரி. "எழும்பி நிண்டு ரெண்டு கையாலை வாங்கிப்போட்டுப் போகாமல் விடுறதோ? எந்த வீட்டுக் காட்டுக்கு அப்பிடிச் செய்தனீங்கள்?"

"எடியேய், உது கலியாணமே?"

"பிள்ளையளுக்குச் சாப்பாடு போடுற அலுவல்தானே. கலியாணத்திலை பின்னை என்ன செய்யிறவை?"

அங்கிள் உறையை மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். பிறகு சாம்பவியை நேராகப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் வந்து வோட் போடுறம். ஆனால் பிள்ளை, ரக்ஸ் கூடினால் வாடகையும் கூடும். பிறகு அங்கிள் சொல்லேல்லை எண்டு சொல்லப்படாது."

"ஓம் அங்கிள்."

வெளியே வந்ததும் மெலனி கேட்டாள்: "So அது yesஆ, noவா?"

"யெஸ்" என்றாள் சாம்பவி. அடுத்த வீட்டுப் படியில் ஏறும்போது, வாடகை விஷயத்தை அக்காவிடம் எந்தச் சொல்லில் தொடங்குவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.