தலைதட்டாத கரண்டி

மூக்கு வழியாகப் பால் வந்துகொண்டிருந்தது. மங்கையர்க்கரசி தூளியிலிருந்து தம்பியை வாரி எடுத்து, மடியில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். சத்தமே இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. இன்னும் ஓங்கித் தட்டினாள். கட்டியாகப் பால் அவள் தாவணியில் விழுந்தது. அதன் பிறகுதான் அழுகை வந்தது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. அப்பா சபாபதி ஜரிகை வாங்க முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். விடிந்ததும் பட்டு இழைக்கப் போன அம்மா விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவாள். ஒன்பது மாதத் துரைக்கண்ணுவைத் தூக்கிக்கொண்டு பதினைந்து வயது மங்கை செருப்பில்லாமல் ஓடினாள். அவன் கனத்தில் இடுப்பு ஒடிந்தது. தெருக்கோடித் தாய்சேய் நல விடுதிக்குள் நுழைந்து அவனை மேஜைமேல் கிடத்தினாள்.

நர்ஸ் அங்கம்மாள் குழந்தையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள். வாயைத் துடைத்தாள், தராசில் கிடத்தினாள். முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு மங்கையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பிய வளக்கறியா, கிடா வளக்கறியா? உக்காரவே தடுமாறுறான். எத்தினி கரண்டி பவுடர் போடற?"

இந்தக் கேள்விக்குத்தான் மங்கை இத்தனை மாதமாகப் பயந்திருந்தாள். பால்பவுடர் டின்னில் போட்டிருந்த கணக்கு, விளிம்போடு வழித்துத் தலைதட்டிய கரண்டி. அவள் போட்டதோ கோபுரமாகக் குவித்த கரண்டி. அதற்கு மேல் ஒரு கை சர்க்கரை. அப்படிக் கொடுத்தால் ஒரு சாண் நெய்யும்வரை தூங்குவான். அம்மாவுக்கு இது தெரியாது. டின் சீக்கிரம் காலியானபோது பிள்ளை நன்றாகக் குடிக்கிறான் என்று சந்தோஷப்பட்டாள்.

வேறு வழியும் இருக்கவில்லை. உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலை அப்பா நெய்ய, மறுபக்கத்துக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவது மங்கை. அவள் எழுந்தால் தறி நிற்கும். அப்பா திட்டமாட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கத்தான் அவளால் முடியாது. அதனால் முனகல் கேட்டதுமே புட்டியைத் தூளியில் துணிச்சுருளால் முட்டுக்கொடுத்துவிட்டு ஓடிவந்து உட்கார்ந்துகொள்வாள். இன்று அப்பா தறியில் இல்லாதபோதும் பழக்கத்தில் அப்படியே வைத்துவிட்டாள்.

குண்டாவதை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை. தறிக்காரர் வீட்டில் எடை குறைந்தால்தான் பேச்சு. நிறுத்து வாங்கிய பட்டு, சேலையாகத் திரும்பும்போது குறைந்தால் முதலாளி முகம் மாறும். கூடினால் யாரும் வாய் திறந்ததில்லை. பக்கத்து வீட்டு மணியம்மாள் அவன் தொடை மடிப்புகளை எண்ணி எண்ணிக் கொஞ்சுவாள். எல்லாரும் சிரித்தபோது மங்கையும் சிரித்தாள்.

அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ் திட்டவில்லை. தலைதட்டித்தான் போட வேண்டும், சர்க்கரை கூடாது, முட்டுக்கொடுத்த புட்டி ஆளையே கொல்லும் என்றாள். பருப்பும் சோறும் குழையப் பிசைந்து ஊட்டி, தூளியை விட்டு இறக்கிப் பாயில் புரளவிடச் சொன்னாள். நாளைக்கு அம்மாவைக் கூட்டிவரச் சொன்னாள்.

"மூஞ்சத் திருப்புனான்னா போதும்னு அர்த்தம். அவன் வயிறு அவனுக்குத் தெரியும்மா. நீதான் அவன சொல்ல வுடல."

வீட்டுக்கு வந்து தலைதட்டி ஒரு புட்டி கலந்தாள். மடியில் வைத்துக் கொடுத்தாள். பாதியில் முகத்தைத் திருப்பினான். மனசு கேட்காமல் இன்னொரு தரம் நீட்டப்போனவள், கையை இழுத்துக்கொண்டாள். அப்பா வந்தார். நடந்ததை அவள் அவரிடம் சொல்லவில்லை. தறிக்குப் பக்கத்தில் பாய் விரித்து அவனைக் கிடத்திவிட்டு நாடாவைக் கையில் எடுத்தாள்.

ஒரு சாண்கூட ஆகவில்லை. அழ ஆரம்பித்தான்.

"பசிக்குது அவனுக்கு. புட்டிய வச்சிட்டு வாம்மா" என்றார் அப்பா.

"இப்பதான்பா குடிச்சான்."

அழுகை ஏறியது. தறி நின்றது. அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டார். அவளைப் பார்க்காமலே சொன்னார்.

"முன்ன ஒண்ணு எலும்பும் தோலுமா நம்ம கையிலயே போச்சு. இவனையும் அழ வுட்டுக்கினு உக்காந்திருக்கியே."

துரைக்கண்ணுவுக்கு முன்னால் பிறந்த அந்தக் குழந்தை போனபோது மங்கைக்குப் பத்து வயது. அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போனது நினைவிருக்கிறது. அதன் அழுகை நினைவில் இல்லை. கடைசி நாட்களில் அது அழவேயில்லை.

எழுந்து போய்த் துரைக்கண்ணுவைத் தூக்கினாள். துணி நனையவில்லை. அவன் அவள் தாவணியைப் பிடித்து இழுத்தான், வாயில் வைத்துச் சப்பினான், துப்பினான், மறுபடி அழுதான். டின் கைக்கெட்டும் மாடத்தில் இருந்தது. நர்ஸைக் கேட்கலாமென்றால் விடுதி மூடியிருக்கும். அம்மா வர இன்னும் நேரமிருந்தது. அப்பா தறியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது மாதமாக இவனை ஒரு தரம்கூட முழுதாக அழவிட்டுக் கேட்டதில்லை. ஆரம்பிக்கும்போதே வாயை அடைத்துவிட்டாள். இப்போது தோளில் கிடந்து ஏங்கி ஏங்கி அழுகிறான். இது பசிக்கு அழுகிற அழுகையா, இல்லை, தன்னைத் தூக்கிவைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அழுகிற அழுகையா?