மஞ்சள் வயர்

இடது கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. தம்பி தோளைத் தூக்கிப் பிடித்தான். அவள் அப்பாவின் விரல்களைக் குவித்து, குழந்தைக்குப் போடுவதுபோல் உள்ளிருந்து இழுத்தாள். வந்துவிட்டது. பொத்தான்களைப் போட்டாள். கடைசிப் பொத்தானுக்கு ஓட்டை இல்லை. எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து போட்டாள்.

கழற்றிப் போட்ட பழைய சட்டையின் பையிலிருந்து விழுந்த மஞ்சள் வயர் துண்டுகள் தரையில் சிதறிக் கிடந்தன. அப்பா எலக்ட்ரீஷியன். படுத்த பிறகும் அவர் பை காலியாக இருந்ததில்லை.

"தூக்கிப் போட்டுடவாக்கா?"

"குடு."

முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீட்டுக்குப் பின்னால், சுவர் இடித்துக் கொட்டிய மண்ணில் அப்பா காஸ்மாஸ் பூச்செடி போட்டிருந்தார். ஊசிபோன்ற விதைகளைத் தூவி, மேலே மண்ணைச் சும்மா தடவிவிடுவார். எரு போட விடமாட்டார். தின்று கொழுத்தால் இலையாகவே நிற்கும் என்பார். செடிகிட்டகூடவா கஞ்சத்தனம் என்று அவருடைய அக்காவான அத்தை கேலி செய்வாள்.

வருடா வருடம் ரோஸ் நிறம்தான். இந்த முறை தண்ணீர்த் தொட்டி ஓரம் நோஞ்சானாக முளைத்த ஒரு செடியில், ஒரே ஒரு பூ, பீட்ரூட்டை நறுக்கிய நிறத்தில். விதைக்கு விடும் பூவின் காம்பில் அப்பா வயர் துண்டைச் சுற்றிவைப்பார். அதை யாரும் தொடக்கூடாது. எழுந்து நடக்க முடிந்த கடைசி நாளில் அவர் சுற்றியது இந்தப் பூவுக்கு. விதை கறுத்த பிறகுதான் அறுக்க வேண்டும். பச்சையில் அறுத்தால் முளைக்காது. அந்த நிறம் அதோடு போய்விடும்.

தினமும் காலையில் கேட்பார். நேற்றும் கேட்டார்.

"கறுத்துச்சா?"

"இன்னும் பச்சைதாம்பா."

"சரி. அவசரப்படாத."

அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

அத்தை பின்வாசல் வழியாக வந்தாள். கை கொள்ளாமல் காஸ்மாஸ். சமையலறைக் கத்தரிக்கோல் இன்னும் விரல்களில் மாட்டியிருந்தது. அவன் வளர்த்தது இருக்கும்போது கடைப் பூ எதற்கு என்று பொதுவாகச் சொன்னாள். கால்மாட்டிலிருந்து அடுக்கிக்கொண்டே வந்தாள். ஒன்றை மட்டும் தனியாகப் பிடித்திருந்தாள்.

"இதுல மட்டும் அடையாளம் கட்டி வெச்சிருந்தான். ரொம்பப் பிடிச்சதுபோல. கையிலயே குடுத்துடறேன்."

இரண்டு இதழ்கள் தொங்கின. நடுவில் விதைகள் பச்சையாக விறைத்து நின்றன. காம்பில் மஞ்சள் வயர்.

தம்பி நிமிர்ந்தான். "அத்த, அது..."

"காலர் மடங்கியிருக்கு பாரு," என்றாள் அவள்.

அவன் அவளைப் பார்த்தான். காலரைச் சரிசெய்தான்.

அத்தை அப்பாவின் விரல்களுக்கிடையே காம்பைச் செருகினாள். அது சாய்ந்தது. அத்தை வயரைப் பிடித்து நிமிர்த்தினாள். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டாள்.

"இதுதானடி அவனுக்குப் பிடிச்சது?"

"ஆமாத்த."

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. தம்பி வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். அவள் வழக்கம்போல் வாளியில் தண்ணீர் பிடித்துப் பின்பக்கம் போனாள். முழங்கால் உயரத்தில் வெட்டிய தண்டுகள் நின்றன. ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டு போனாள்.

"எல்லாத்தையும்தான் அறுத்துட்டேனே," அத்தை வாசற்படியிலிருந்து சொன்னாள். "எதுக்கு இன்னும் தண்ணி?"

அவள் அடுத்த தண்டுக்கு நகர்ந்தாள். அத்தை உள்ளே போய்விட்டாள்.

தொட்டி ஓரத்துச் செடியை அத்தை பாதியில் வெட்டியிருந்தாள். வெட்டுக்குக் கீழே, இலைக் கணுவில், கடுகளவு ஒரு மொட்டு.

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வயர் துண்டை எடுத்தாள். அதன் அருகே கொண்டுபோனாள். சுற்றுவதற்குக் காம்பே இன்னும் வரவில்லை.

வயரைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு, வாளியில் மிச்சமிருந்ததை மெதுவாக ஊற்றினாள்.