சல்கின் நீட்டாத கை

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு வாழைப்பழப் பெட்டி. ஏப்ரலில் கோழிக்குஞ்சு விற்கும் வண்டி ஊருக்குள் வந்து ஒலிபெருக்கியில் கத்த ஆரம்பித்ததும், கடைக்காரனிடம் காலி அட்டைப் பெட்டிக்கு அடிதடியே நடக்கும். எதிர்வீட்டு சல்கினுக்கு ஒன்று கிடைத்திருந்தது. மாவுச் சல்லடை வாங்கப் போன நான் கதவருகே நின்றுவிட்டேன். அடுப்போரம் பெட்டி. அதற்குள் கையை மல்லாத்தி வைத்தபடி சல்கின் முழங்காலிட்டிருந்தாள். பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுமி.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நானாகக் கட்டியது. நம்பாமல் படித்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

2

முதல் ஆரம்பம்: "நாரின் மலைகளில் பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு காலையில்

வேண்டாம். பனி எல்லா வருஷமும்தான் உருகுகிறது. சல்கினுக்கு அதனால் என்ன?

இரண்டாவது: "ஒரு தாயின் தவிப்பை வார்த்தைகளால்

இதுவும் வேண்டாம். வார்த்தைகளால் முடியாது என்றால் எனக்கு இங்கே என்ன வேலை?

மூன்றாவது: "சல்கின் தான் பெற்ற பெண்ணைப் பிறந்த வாரமே ஓர்ப்படி உல்கானிடம் கொடுத்துவிட்டாள்."

இது இருக்கட்டும். உல்கானுக்குக் குழந்தை இல்லை. தம்பிக்குப் பிறந்ததை அண்ணன் வீட்டுக்குக் கொடுப்பது எங்கள் மலை ஊர்களில் வழக்கம். யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை, யாரும் அழுது புரளவில்லை. (பொய். சல்கின் மாட்டுக் கொட்டிலில் போய் அழுதாள். யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஆனால் அழுதிருப்பாள்.) அதன் பிறகு அவளுக்குப் பிறக்கவும் இல்லை. அதை ஊரில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

கொடுத்தவள் கொஞ்சம் ஒதுங்கியிருக்க வேண்டும். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சக் கூடாது, மடியில் உட்கார்த்தித் தலை பின்னக் கூடாது. குழந்தை இரண்டு பக்கம் இழுபடும் அல்லவா, அதற்காகத்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். யார் பெற்றது என்று ஊருக்கே தெரியும், அந்தப் பெண் பெர்மெத்துக்கு மட்டும் தெரியாது. அவள் உல்கானை அம்மா என்கிறாள், சல்கினைச் சித்தி என்கிறாள். முறைப்படி சித்திதானே.

3

இந்த வருஷம் உல்கானின் கணவனுக்கு ரஷ்யாவில் நிரந்தர வேலை அமைந்தது. பள்ளி மூடியதும் மூவரும் புறப்படுகிறார்கள். எப்போது திரும்புவீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டை விற்றாகிவிட்டது.

அது தெரிந்த வாரம்தான் சல்கின் குஞ்சு வாங்கினாள். எதற்கு என்று கேட்டால் முட்டைக்கு என்பாள். அவளிடம் முட்டைக்கு ஏற்கெனவே கோழிகள் இருந்தன.

எதிர்பார்த்தபடி பெர்மெத் வேலியைத் தாண்டி வந்தாள். வந்ததும் பெட்டிக்குள் கையை விட்டாள். குஞ்செல்லாம் ஒரு மூலையில் போய் அடைந்துகொண்டன.

"சித்தி, எல்லாம் ஓடுது!"

"மேலேருந்து கை வந்தா பருந்துன்னு நெனச்சுக்கும். கீழ வை. மல்லாத்தி வை."

"வெச்சுட்டேன். வரலியே."

"வரும்."

"எப்ப வரும்?"

"அதுக்குத் தோணறப்ப வரும். நீயா பிடிக்கப் போகாத. ஒரு தடவ அமுக்கிப் பிடிச்சிட்டா, அப்புறம் உன் கையக் கண்டாலே நடுங்கும்."

சல்கின் அவித்த முட்டையைப் பொடித்துத் தினையோடு பிசைந்து அந்தச் சின்ன உள்ளங்கையில் வைத்தாள், விரல் படாமல். வெகுநேரம் கழித்து ஒரு குஞ்சு வந்து கொத்தியது. பெர்மெத் மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணை விரித்தாள். சல்கின் குஞ்சைப் பார்க்கவில்லை. பெண்ணின் பிடரியில் வியர்வையில் ஒட்டியிருந்த முடியைப் பார்த்தாள். அதை ஒதுக்கிவிடக் கை எழுந்தது. சட்டென்று எழுந்து அடுப்புக்குக் கரி போடப் போய்விட்டாள்.*

* அடுப்பில் கரி நிறையவே இருந்தது.

4

உல்கானால் எனக்குப் பெரிய சங்கடம். அவளை வில்லியாகத்தான் போட்டிருந்தேன். தங்கப்பல், வெண்கலக் குரல், வேலியோரம் ஒட்டுக்கேட்கும் பழக்கம் எல்லாம் கொடுத்து வைத்திருந்தேன். அவளோ எண்ணெயில் பொரித்த ரொட்டியை ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு கதைக்குள் வந்து நின்றாள்.

"ஏய் சல்கின், என் பொண்ணக் கோழிக்காரி ஆக்கிட்டியாடி? தலையெல்லாம் எச்சம். நேத்து சீவறதுக்குள்ள என் பிராணன் போச்சு."

"ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சிருக்கா அக்கா. ஒண்ணுக்கு உங்க பேரு."

"எதுக்கு? அந்தக் குண்டுக்கா?"

"இல்ல, சும்மா கத்திக்கிட்டே இருக்கே, அதுக்கு."

உல்கான் தங்கப்பல் தெரியச் சிரித்தாள். பிறகு ரொட்டியை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தாள். "அங்க போயி இவ யார்கூட விளையாடுவாளோ. எனக்கு அந்த பாஷையே வாயில நுழையாது. பயமாத்தான்டி இருக்கு."

இப்படிப் பேசுகிறவளை எப்படி வில்லியாக்குவது? பெர்மெத்துக்குக் கக்குவான் வந்தபோது தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்தவள் அவள். சல்கின் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வில்லி இல்லாத கதை எழுதுவது கொடுமை. யார்மேல் பழியைப் போடுவது?

(இதுவரை படித்த நண்பர் ஒருவர், "திருப்பிக் கேட்டுவிட வேண்டியதுதானே?" என்றார். கொடுத்ததை யாராவது திருப்பிக் கேட்பார்களா? அவர் நகரத்துக்காரர்.)

5

சல்கினுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். புறப்படுவதற்குள் அந்தப் பெண் ஒரே ஒரு தடவை, யாரும் சொல்லாமல், தானாக வந்து தன்மேல் சாய வேண்டும். அம்மா என்று கூப்பிட வேண்டாம். சாய்ந்தால் போதும்.

அதற்கு அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே. கூப்பிடவில்லை. கை நீட்டவில்லை. தினமும் அதே நேரத்துக்கு, அதே குரலோடு, அதே பச்சை அங்கியில் உட்கார்ந்திருந்தாள். குஞ்சுகள் வந்தன. மடியேறின, தோளேறின, சட்டைக் கைக்குள் புகுந்து தூங்கின. சல்கின் அவற்றைக் கன்னத்தோடு வைத்துக் கொஞ்சினாள், மூக்கில் முத்தம் கொடுத்தாள். பெர்மெத் பெட்டிக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். பெட்டியைச் சுற்றி அவளை இந்தப் பக்கம் கொண்டுவரவே முடியவில்லை.

6

வாசலில் வண்டி நின்றது. மேலே மெத்தைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெர்மெத் விடைபெற ஓடிவந்தாள். குஞ்சுகள் பாதி இறகு முளைத்துக் கண்றாவியாக இருந்தன. சல்கின் மடியில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.

"சித்தி, ஒண்ணு கேக்கட்டா? கோச்சுக்க மாட்டியே?"

"கேளு."

"என்னை ஏன் உனக்குப் பிடிக்காது?"

சல்கினுக்கு முதலில் விளங்கவில்லை.

"இதுங்களையெல்லாம் தூக்கற, முத்தம் குடுக்கற. என்னை ஒரு நாள்கூடத் தொட்டதில்ல. நான் கிட்ட வந்தா எந்திரிச்சுப் போயிடற. நான் என்ன சித்தி பண்ணேன்?"

முதல் முடிவு: "நான்தான்டி உன்னப் பெத்தவ." எழுதினேன். சல்கினுக்கு ஒரு நிமிஷம் மனம் ஆறும். ஆனால் அந்தக் குழந்தை ரஷ்யா போகும் ரயிலில் யார் மடியில் படுத்து அழும்? அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு: "ஆமா, பிடிக்காது. போ." பெண் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள், ஏக்கம் மிச்சமிருக்காது. சல்கின் சொல்லக்கூடியவள்தான். எனக்குத்தான் எழுதக் கை வரவில்லை.

மூன்றாவது நான் யோசித்ததே இல்லை. வாசற்படியில் உல்கான் நின்றிருந்தாள். கூப்பிட வந்தவள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது, முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்ட மாதிரி இருந்தது.

"தூக்கேன் சல்கின்," என்றாள். "ஒரு தடவ தூக்கிக்கோ. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்டி."

சல்கின் மடியில் இருந்ததைத் தரையில் விட்டாள். பெர்மெத் அம்மாவைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள். பிறகு, ஏழு வயசாகிவிட்டதே என்று கொஞ்சம் வெட்கப்பட்டபடி, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். அவளேதான் பெட்டியைச் சுற்றி இந்தப் பக்கம் வந்திருந்தாள்.

சல்கின் அசையவில்லை.

அவள் தொடாததற்கு வழக்கம்தான் காரணம் என்று இரண்டாம் பகுதியில் எழுதினேன். அது தப்பு. தூக்கினால் இறக்கிவிட வேண்டும். பிறந்த வாரத்தில் ஒரு தடவை இறக்கி இன்னொருத்தி கையில் கொடுத்தவள் அவள். இன்னொரு தடவை கொடு என்று நான் எப்படி எழுதுவேன்? கொடுக்காதே என்றும்தான் எப்படி எழுதுவேன்? வெளியே ஹாரன் அடிக்கிறார்கள்.

இதற்கு மேல் நீங்கள் எழுதுங்கள். என்ன எழுதினாலும் சரி, ஆனால் சீக்கிரம். குழந்தைக்குக் கை வலிக்க ஆரம்பித்துவிட்டது.